மூன்றாவது பூ

முதலில் இந்தப் பால்கோவாவை எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டரம்மா. ராஜபாளையத்தில் ஏறியவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, சூடாகக் கிண்டி வைத்திருந்ததை வாங்கிக்கொண்டு அடுத்த மதுரை பஸ்ஸைப் பிடித்தேன். வெறுங்கையோடு ஒருவரைப் பார்க்கப் போவது எனக்கு ஆகாது.

என்னைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்லி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. வஞ்சியைப் பற்றி அக்கா பேச ஆரம்பித்தால் பாதி அழுகையில் போய்விடும். நான் நிதானமாகச் சொல்வேன். வஞ்சுளவல்லி என் அக்கா கோதைநாயகிக்கு ஒரே மகள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், கெட்டிக்காரி. ஆனால் இரண்டில் ஒன்றை எடு என்றால் மட்டும் எடுக்கமாட்டாள். தீபாவளிக்கு இரண்டு தாவணியை விரித்து எது வேண்டும் என்று கேட்டால், வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துக்கொள்வாள். பரீட்சையில் 'சரியான விடையைத் தேர்ந்தெடு' என்கிற பகுதியை அப்படியே விட்டுவிட்டு வருகிறாள். மற்ற எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதியிருப்பாள், அதுவும் இடது கையால். இது எப்போது தொடங்கியது என்று அக்காவிடம் கேட்டீர்களாம். எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அது விளங்கும். என் பெயர் சடகோபன். கம்ப்யூட்டரில் விளையாட்டு செய்வது என் வேலை. விளையாடுகிறவர்கள் இன்றைக்கு ஊரில் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள், செய்கிறவன் எங்கள் பக்கத்தில் அப்போது நான் ஒருவன்தான். எண்பத்தெட்டில் பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு மதுரையில் பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டேன். கற்றேனே தவிர, தொட்டுப் பார்க்க ஊரில் ஒரு கம்ப்யூட்டர் இல்லை. தெருவில் நடக்கும்போது புரோகிராமை வாயால் சொல்லிக்கொண்டே போவேன். "கோதை தம்பிக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று வதந்தியே கிளம்பிவிட்டது.

காப்பாற்றியவர் அத்தான்தான். அக்கா வீட்டுக்காரர், பெயர் ரெங்கமன்னார். சத்திரப்பட்டியில் தறி போட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிறவர். அப்படி ஒரு மனிதரை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். சாவு வீட்டுக்குப் போனாலும் நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் திரும்புவார். தறிக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று அக்காவிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். "கணக்கு கெடக்கட்டும் மாப்ளே, நீ ஒன் வெளையாட்ட ஓட விடு, பாப்போம்" என்றார். அன்றைக்கு நான் அழுதுவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

முதலில் செய்தது நாய் விளையாட்டு. ராஜபாளையம் நாய் காட்டுப்பன்றியைத் துரத்தும். திரையில் பச்சை நிறம் ஒன்றுதான் வரும் என்பதால், ஊருக்கே பேர் வாங்கித் தந்த வெள்ளை நாய் எங்கள் கம்ப்யூட்டரில் பச்சையாக ஓடியது. நான் செய்த ஏதோ ஒரு பிழையில் அதற்கு இடது பக்கம் திரும்பவும் வராது. அத்தான் தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து, "திரும்புலே மூதேவி" என்று திரையைப் பார்த்துக் கத்தியபடி, பொத்தான் தேய்கிற மட்டும் விளையாடினார். அந்த விளையாட்டை விளையாடிய ஒரே ஆளும் அவர்தான்.

அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவிளாகத்தில் ஓர் அறை பிடித்துக் கொடுத்து, கம்ப்யூட்டரையும் அங்கே வைக்கச் சொன்னார். கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் நாலு பேராவது விளையாட வரமாட்டார்களா என்று அவருக்கு நினைப்பு. ஒருவரும் வரவில்லை. பக்கத்துக் கடையில் ரேடியோ ரிப்பேர் செய்யும் மதார் சாகிப் மட்டும் மத்தியானத்தில் வந்து, "ஃபேன் காத்துக்காக வந்தேன் தம்பி, கோவிச்சுக்கிடாதிய" என்று உட்கார்ந்துகொள்வார்.

அப்போதுதான் பூ யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று மனம் அலைந்தால், சாமி முன்னால் பூப்போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் கட்டிப் போட்டு, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பிள்ளை கையால் சாமியே எடுத்துக் கொடுக்கிறது என்பது நம்பிக்கை. ஒரு தடவைதான் எடுக்க வேண்டும். மறுபடி எடுத்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும்.

இதைக் கம்ப்யூட்டரில் செய்தேன். நீளப் பொத்தானை ஒரு பிள்ளை அழுத்தினால் திரையில் இதழ் இதழாக ஒரு பூ விரியும். எல்லாம் பச்சைதான் என்பதால், வெறும் கோடாக நின்றால் வெள்ளை, கோட்டுக்குள் புள்ளி புள்ளியாக நிரம்பிவிட்டால் சிவப்பு என்று வைத்தேன். ஆண்டாள் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு வந்த சனம் அப்படியே என் அறையில் நுழைய ஆரம்பித்தது. செருப்பை வாசலில் கழற்றினார்கள். டெலிவிஷன் பெட்டி மாதிரி இருந்த அந்தத் திரைக்குச் சந்தனம் அப்பி, பொட்டு வைத்து, மாலையும் போட்டார்கள். கோர்ட்டுக்கு வந்த கட்சிக்காரர்கள் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்காது. அத்தான் அதற்கும் மேலே, "மாப்ளே, ஒன் நாய் ஓடல, பூ ஓடுதுய்யா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒருநாள் கரண்ட் போய் வந்தது. அப்போது கரண்ட் போவதும் வருவதும் எங்கள் ஊரில் மாமியார் மருமகள் பேச்சுவார்த்தை மாதிரி. மறுபடி மெஷினைப் போட்டதும் வந்தவர்களுக்குக் காலையில் வந்த பூக்களே அதே வரிசையில் வந்தன. அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அதே வரிசை. சீட்டைக் கலைத்துப் போடு என்று மெஷினுக்குச் சொல்லும் ஒரு வரியை நான் எழுத மறந்திருந்தேன். அதனால் ஒவ்வொரு தடவை மெஷினை அணைத்துப் போடும்போதும் பூக்கள் முதலிலிருந்து ஒரே ஒழுங்கில் வரும். முதல் பூ வெள்ளை, இரண்டாவது பூ வெள்ளை, மூன்றாவது சிவப்பு, நான்காவது மறுபடி வெள்ளை. இப்படியே போகும். எனக்கு மனப்பாடம்.

ஒரு வரியைச் சேர்த்தால் சரியாகிவிடும். சேர்க்கவில்லை. ஏன் என்று கேட்டால், அதில் நன்மை இருந்தது. வேலுத்தாய் என்று ஒரு பெண், குடிகாரன் ஒருவனுக்கு மகளைக் கொடுக்கலாமா என்று கேட்டு வந்தாள். அவளைச் செத்த நேரம் உட்காரவைத்து, சிவப்பு வருகிற முறைக்குக் கூப்பிட்டேன். அந்த மகள் இன்றைக்கு நல்ல இடத்தில் இருக்கிறாள். ஒரு வரப்புக்காகக் காலமெல்லாம் கோர்ட்டுக்கு அலைந்த அண்ணன் தம்பிக்கு, சமாதானம் பேசலாமா என்றபோது வெள்ளையைக் கொடுத்தேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். யாரை எப்போது உள்ளே கூப்பிடுவது என்பது மட்டும்தான் என் வேலை. நான் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை, டாக்டரம்மா, இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்தச் சமயத்தில்தான் தேர் விளையாட்டைத் தொடங்கியிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை நாலு வீதியும் இழுத்து நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வடம் பிடிப்பவர்கள் ஒரு பக்கம், சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்கள் ஒரு பக்கம். நான் செய்ததிலேயே அதுதான் நிஜமான விளையாட்டு. கீழ வீதி முடிந்து மூலையில் தேர் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் மட்டும் எனக்குப் பிடிபடாமல் நின்றது. சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் எனக்குள் அந்தத் தேர் மூலையிலேயே நின்றுகொண்டிருக்கும்.

அத்தானுக்கு நெஞ்சு வலி வந்தது அப்போதுதான். மதுரைக்கு நான்தான் கூட்டி வந்தேன். மெட்ராஸுக்குப் போய் ஆபரேஷன் செய்தால் பழையபடி ஆகிவிடுவார் என்றார் டாக்டர். அத்தான் வெளியே போனதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தள்ளிப்போட்டால் ஆள் ஆடி மாதத்தைத் தாண்டமாட்டார் என்றும் சொன்னார். இதை வீட்டில் சொல்லி எல்லாரையும் எதற்குக் கலவரப்படுத்துவது என்று விட்டுவிட்டேன்.

அத்தானுக்கு ஆபரேஷன் என்றால் பயம். பயத்தையும் சிரிப்பாகத்தான் சொல்வார். "நெஞ்சப் பொளந்து பாப்பாகளாம்லா மாப்ளே. பொறவு நம்ம துணியத்தான் சுத்துவாக, அது ஒரு ஆறுதல்" என்றார். தறியை விற்றாலும் செலவுக்குத் துண்டு விழும். மில் ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தோளில் கை போட்டு, "பொறவு ஒனக்குப் புதுசா வாங்கித் தாரேம்லே. இந்த அத்தான் வாக்கு தவறுவானா?" என்று கேட்டார். தவறமாட்டார்தான். ஆனால் பொறவு என்றால் எப்போது என்று அவருக்கே தெரியாது. தேரோ மூலையில் நிற்கிறது.

பூப்போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னது அக்கா. இது முக்கியம். நான் சொல்லவில்லை. மனசு சமாதானமாகட்டும், ஆண்டாள் தாயார் உத்தரவு கொடுத்தால் மெட்ராஸுக்கு வண்டி ஏறலாம் என்றாள். அத்தானும் சரி என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று பேரும் சாமி கும்பிட்டுவிட்டு அறைக்கு வந்தார்கள். வஞ்சி அப்போது சிறு பிள்ளை. பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறைய பூ வைத்து, அப்பாவுக்காகப் பொத்தானை அழுத்தப்போகிறோம் என்கிற பெருமையோடு வந்தாள்.

மெஷினை அப்போதுதான் போட்டிருந்தேன். மகளுக்கு வந்த வேறு வரனைப் பற்றிக் கேட்க மறுபடி வந்த வேலுத்தாயும், மாடு வாங்கலாமா என்று கேட்க வந்த சீனியம்மாளும் பிள்ளைகளோடு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். நம் வீட்டு ஆட்களை முதலில் விட்டால் ஊர் என்ன பேசும் என்றேன். அத்தான் உடனே, "அதான் நியாயம். மொதல்ல அவிய பாக்கட்டும்" என்று எழுந்து இடம் கொடுத்தார். வேலுத்தாய்க்கு வெள்ளை. சீனியம்மாளுக்கு வெள்ளை. இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். வஞ்சி நாற்காலியில் ஏறி, வலது கை ஆள்காட்டி விரலை நீட்டினாள்.

கரண்ட் போய்விட்டது.

இப்படி ஒரு நேரத்தில் கரண்ட் போனதை ஆண்டாளின் செயல் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இருப்பார்கள். நான் படித்தவன். மின்சார வாரியத்தின் செயலாகத்தான் எடுத்துக்கொண்டேன். இருட்டில் விசிறியால் வீசிக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அத்தான், தான் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அக்கா உப்புப் போடாமல் கொண்டுவந்த பஜ்ஜியைப் பற்றிச் சொல்லி, பக்கத்துக் கடை மதார் சாகிபையும் சேர்த்துச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்தால் வரிசை முதலிலிருந்து வரும். பிள்ளை அழுத்தினால் வெள்ளை.

கரண்ட் வந்தது. பிளாப்பியைப் போட்டுப் புரோகிராமை ஓடவிட்டேன். "மெஷின் சரியா இருக்கான்னு பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி, நானே நீளப் பொத்தானை அழுத்தினேன். வெள்ளை. இன்னொரு தடவை அழுத்தினேன். வெள்ளை.

"அடேயப்பா, ஒனக்கு மட்டும் ரெண்டும் வெள்ளையாடே" என்றார் அத்தான். "அதுல ஒண்ண எனக்குத் தாயேன் மாப்ளே."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவர் பேச்சுக்குச் சிரிக்காமல் இருக்க யாராலும் முடியாது.

வஞ்சி கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு அழுத்தினாள். இதழ்கள் ஒவ்வொன்றாகக் கோடு கோடாக விரிந்தன. இரண்டு பூவுக்கும் கோடு ஒன்றுதான் என்பதால், பூ முழுசாக விரிந்ததும் அக்கா "வெள்ளை, வெள்ளை" என்று அத்தான் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உள்ளே புள்ளிகள் விழ ஆரம்பித்தன. அந்தக் கம்ப்யூட்டர் மெதுவானது. பூ நிரம்பி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"மாமா, நான் தப்பா அமுக்கிட்டேன்" என்றாள் வஞ்சி. "இன்னொரு தடவ அமுக்கட்டா?"

நான்காவது பூ வெள்ளை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தடவைதான் என்பது ஊர் வழக்கம். வேலுத்தாய்க்கு ஒரு நியாயம், அத்தானுக்கு ஒரு நியாயமா? நான் பேசாமல் அத்தானைப் பார்த்தேன். அவர் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "சாமி சொன்னது சொன்னதுதான் தாயி. நீ சரியாத்தான் அமுக்குன" என்றார். வெளியே போகும்போது அவர் முகம் தெளிந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பயந்த மனிதரை அந்தப் பயத்திலிருந்து விடுவித்தேன் என்றும் ஒரு கோணத்தில் பார்க்கலாம்.

எல்லாரும் போன பிறகு மதார் சாகிப், "தம்பி, நீங்க ரெண்டு தடவ தட்டுனியளே, அது எதுக்கு?" என்று கேட்டார். "டெஸ்டிங் பாய்" என்றேன். ரேடியோ ரிப்பேர் செய்கிறவருக்கு டெஸ்டிங் என்றால் தெரியாதா? தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அத்தான் வைகாசியில் போய்ச் சேர்ந்தார். துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். எனக்கு அவர் மேல் இருந்த பிரியத்துக்கு அளவில்லை. கொள்ளி வைத்தவனும் நான்தான். துக்கத்துக்கு வந்த பெண்கள் வஞ்சியைக் காட்டி, "இந்தப் பிள்ள கையாலதான் செவப்புப் பூ வந்துச்சாம்" என்று பேசிக்கொண்டார்கள். அவள் காதில் அது விழுந்தது. அன்றைக்குச் சாயங்காலம் சோற்றை இடது கையால் சாப்பிட்டாள். நீங்கள் கேட்ட தொடக்கம் அதுதான்.

தேர் அந்த ஆடிப்பூரத்துக்குள் மூலை திரும்பிவிட்டது. அழகாகத் திரும்பும். பார்த்தால் உங்களுக்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். முதல் திரையில் 'ரெங்கமன்னார் அத்தான் நினைவாக' என்று ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி வைத்து வரைந்திருக்கிறேன். மறந்துபோன அந்த ஒரு வரியையும் பூ புரோகிராமில் சேர்த்துவிட்டேன். அடுத்து என்ன பூ வரும் என்று ஒரு மனிதனுக்குத் தெரிந்திருப்பது சரியில்லை என்று பட்டது. இப்போது பூ இன்டர்நெட்டிலும் ஓடுகிறது. அமெரிக்காவில் இருக்கிற நம்மவர்கள்கூட வேலை மாறலாமா என்று அழுத்திப் பார்க்கிறார்கள்.

அக்காவையும் வஞ்சியையும் நான்தான் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அவளைப் படிக்கவைக்கிறேன். அது உன் தப்பில்லை கண்ணு, தாயார்தான் உன் விரலை அப்படிக் கொண்டுபோனாள் என்று அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். என்னமோ, அதைக் கேட்டால் கையை இன்னும் இறுக்கி மறைத்துக்கொள்கிறாள்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறீர்கள் போலத் தெரிகிறது. யோசித்துச் செய்யுங்கள். அப்பாவை இழந்த பிள்ளை. அம்மாவை விட்டால் அதற்கு மிச்சம் இருப்பது இந்த மாமா ஒருவன்தான். அவனையும் ஏன் பிடுங்க வேண்டும்? கேட்டீர்கள், ஒளிக்காமல் சொன்னேன். எழுதிக்கொள்வதானால் இதைப் பிசகில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள், டாக்டரம்மா. நான் அழுத்திய இரண்டு தடவையும் வெள்ளைதான் வந்தது. சிவப்பு வந்தது பிள்ளை அழுத்தியபோதுதான்.